மிளகை நிறுக்கிறோம், காரை நிறுப்பதில்லை

உங்கள் காரின் முன்சக்கரங்களின் மீது எத்தனை கிலோ இருக்கிறது, பின்சக்கரங்களின் மீது எத்தனை கிலோ இருக்கிறது? அந்தக் காரைப் பந்தயக் காராக மாற்றுவதற்குப் பல இலட்சம் ரூபாவைக் கொட்டிய ஒருவருக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லையென்றால், அவர் செய்திருப்பது அலங்காரம். வேறு பெயர் அதற்குக் கிடையாது. இதைச் சொன்னதற்காக உக்குவளையிலும் மாத்தளையிலும் என்மீது வருத்தம் கொண்டிருக்கும் தம்பிமார் சிலர் உண்டு. வருத்தப்படட்டும். பத்திரிகைத் தொழிலில் காலந்தள்ளியவனுக்குப் பிறருடைய வருத்தம் சம்பளத்தோடு சேர்ந்து வருவது.

நான் கலைப் பட்டதாரி, பொறியியலாளன் அல்லன். ஆனால் இந்த விடயத்தைப் புரிந்துகொள்ளச் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் நெம்புகோல் பாடத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை. ஊஞ்சற் பலகையின் எந்த முனையில் யார் உட்கார்ந்தால் எது தாழும் என்று தெரிந்த பிள்ளைக்கு இதுவும் தெரியும்.

உக்குவளையை அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சில வரிகள். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதை 1880 இல் திறக்கப்பட்டது; வத்தேகமையைக் கடந்து, மாத்தளைக்குச் சற்று முன்னால் வருவது எங்கள் ஊர். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே இங்கு வந்து, 1976 முதல் மின்சாரமாகிறது. பின்னர் சுதுகங்கையில் விழுகிறது. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ - இவை எங்கள் ஊரின் பேச்சும் மூச்சும். மிளகு வாங்கும் கடையில் ஐம்பது கிராம் குறைந்தால் சண்டை வரும். தராசு சரியில்லை என்று ஒரு கடைக்காரருடன் மூன்று தலைமுறையாகப் பேசாமலிருக்கும் குடும்பங்களைக் காட்டுவேன். இத்தனை நுணுக்கமாக நிறுக்கத் தெரிந்த ஊரில், தன் உயிரை ஏற்றிக்கொண்டு போகும் வாகனத்தை நிறுத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை.

அண்மையில் ஒரு கராஜ் வாசலில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். பழைய ஜப்பானியக் கார், இரண்டு கதவு, முன்சக்கரங்களால் இழுபடுவது. அதன் சொந்த இயந்திரத்தை அகற்றிவிட்டு அதைவிடப் பெரியதொன்றைப் பொருத்தியிருந்தார். ஸ்பிரிங்குகளை வெட்டித் தாழ்த்தியிருந்தார். பின் ஆசனம் இல்லை. டிக்கியில் ஒலிபெருக்கிப் பெட்டிகள். பின்னால் ஒரு சிறகு. கண்ணாடியில் அஜித்குமாரின் படம்.

"எடை எவ்வளவு தம்பி?" என்றேன்.

"குறைச்சிட்டோம் சேர். பின் சீற்றைக் கழட்டிட்டோம்."

"முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு?"

அவர் கராஜ் பாஸைப் பார்த்தார். பாஸ் வானத்தைப் பார்த்தார்.

அவர்களுக்காகக் கணக்கைச் செய்து பார்ப்போம். எழுதுவதற்கு வசதியாக 900 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீற்றர். இயந்திரமும் கியர்ப்பெட்டியும் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்களின் மீது 62 வீதம், அதாவது 558 கிலோ. பின்சக்கரங்களின் மீது 342 கிலோ. இவ்வகைக் கார்களில் இது வழக்கமான நிலைதான்.

பெரிய இயந்திரம் 50 கிலோ கூடுதல் என்று வையுங்கள். அது முன் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் முன்னால் தொங்குகிறது. நெம்புகோல் கணக்கின்படி முன்சக்கரங்களின் மீது ஏறத்தாழ 54 கிலோ ஏறும். பின்னால் 4 கிலோ குறையும். சேர்த்தது 50, முன்னால் ஏறியது 54! அச்சுக்கு வெளியே தொங்கும் எடை இப்படித்தான் வட்டியோடு வசூலிக்கும். இப்போது முன்புறம் 64 வீதத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்து பின் ஆசனம். 25 கிலோ என்று கொள்வோம். அது பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதைக் கழற்றினால் குறையும் எடையில் ஏறக்குறைய 22 கிலோ பின்சக்கரங்களிலிருந்தே போகிறது. கார் இலேசானது உண்மை. ஆனால் இலேசாக வேண்டிய இடத்தில் ஆகவில்லை. ஏற்கெனவே வறிய பின்புறத்தின் சட்டைப்பையில் கைவிட்டிருக்கிறார்கள்.

ஒலிபெருக்கிப் பெட்டிகள் 60 கிலோ. பின் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் பின்னால். இங்கே ஒரு வேடிக்கை. முதலில் சொன்ன 900 கிலோ காரில் இதை மட்டும் ஏற்றினால், முன்புறத்தின் பங்கு 62 வீதத்திலிருந்து 58 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான முன்னேற்றம். உண்மையில் கார் 60 கிலோ பருத்துவிட்டது. நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் ரயர்களுக்கு வேலை கூடிவிட்டது. அதுமட்டுமன்று. தோளில் காவுதடி சுமந்தவர்களுக்குத் தெரியும்: இரு முனையிலும் பாரம் தொங்கினால் உடம்பைத் திருப்புவது கடினம், திரும்பத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவது அதைவிடக் கடினம். மூக்கில் ஒரு பெரிய இயந்திரம், வாலில் ஒரு பெரிய பெட்டி என்று கட்டிக்கொண்ட கார் அந்தக் காவுதடியேதான். பாரம் நடுவில் திரண்டிருந்தால் வளைவில் கார் சொன்னபடி கேட்கும். முனைகளில் இருந்தால், கேட்கவேண்டிய நேரம் கடந்த பின்னர் கேட்கும். ஆகவே, விகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் கல்லை ஏற்றுவது வைத்தியமாகாது. முன்னால் இருப்பதைக் குறைக்க வேண்டும். குறைக்க முடியாததைப் பின்னுக்கும் கீழுக்கும் நடுவுக்கும் நகர்த்த வேண்டும். புதிதாக எதையும் ஏற்றுவது கடைசி வழி.

சிறகைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. பந்தயத் திடலில் 200 கிலோமீற்றர் வேகத்தில் சிறகு தரும் அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான் 50 கிலோமீற்றரில் கிடைக்கும். பலகடுவ வளைவுகளில் அது துணி உலர்த்தவே உதவும்.

சரி, எது உதவும்? பற்றரி! 15 கிலோ பற்றரியை, முன் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் முன்னாலிருந்து எடுத்துப் பின் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் பின்னால் டிக்கியில் வைத்தால், முன்சக்கரங்களிலிருந்து 17.5 கிலோ இறங்கிப் பின்சக்கரங்களில் அதே 17.5 கிலோ ஏறும். 62 வீதம் 60 வீதமாகும். ஒரு கிராம்கூடக் கூடவில்லை. கேபிளின் எடையை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு அந்த ஒலிபெருக்கியில் ஒரு சிறு பங்கு. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்: பற்றரியை இரும்புப் பட்டையால் சட்டத்தோடு இறுக்கி, வாயு வெளியேறும் வழியுள்ள பெட்டிக்குள் வைத்து, கேபிள் தகட்டில் உரசாமல் ரப்பர் வளையமிட்டு, பற்றரிக்கு அருகிலேயே பெரிய பியூஸ் போட வேண்டும். நைலோன் கயிற்றால் கட்டிய பற்றரியைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அது எடைப் பங்கீடு அல்ல, தீமூட்டும் ஏற்பாடு.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 1959 இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியின் பற்றரி டிக்கியில்தான் இருந்தது. நம் அப்பாமாரும் மாமாமாரும் அந்தக் காரை ஓட்டினார்கள். இன்றும் இலங்கைப் பந்தயங்களில் மினிகளுக்குத் தனிப் பிரிவு வைக்கிறார்கள். போர்ஷ 911 இன் கதை இதன் மறுபக்கம். 1963 இல் அறிமுகமான அந்தக் காரின் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின்னால். வளைவின் நடுவில் ஓட்டுநர் அஞ்சிக் காலை எடுத்தால் வால் முன்னே வந்துவிடும் என்று பெயரெடுத்த கார். அதைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? தொடக்கத்தில் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்தார்கள். ஆம், உலகப் புகழ் பெற்ற ஜேர்மன் பொறியியலாளர்கள் பம்பருக்குள் இரும்பை ஒளித்தார்கள்! பின்னர் 1969 ஆம் ஆண்டுக்கான மாதிரியில் பின்சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளி அச்சுகளின் இடைவெளியை 57 மில்லிமீற்றர் கூட்டினார்கள். ஒரு பற்றரியை இரண்டாக்கி முன்மூலைகளில் ஆளுக்கொன்றாக வைத்தார்கள். கண்ணாடியில் அஜித்குமாரின் படத்தை ஒட்டியிருக்கும் தம்பிக்கு இதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் டுபாய் 24 மணி நேரப் போட்டியில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது அதே 911 இன் வழிவந்த காரில்தான். படத்தை ஒட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காரின் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியும்?

தமிழர்களிடம் இந்த அறிவு இல்லாமலில்லை. கோயம்புத்தூர் கரிவர்தனைப் பற்றிப் புதிய தலைமுறைக்கு யாரும் சொல்வதில்லை. 1988 இல் அவர் உருவாக்கிய ஃபோர்முலா மாருதி என்னும் பந்தயக் கார், சந்தைக்குப் போக எல்லோரும் வாங்கிய மாருதி 800 இன் உறுப்புகளைக் கொண்டே கட்டப்பட்டது. முன்னால் இருந்து முன்சக்கரங்களைச் சுழற்றிய இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். குதிரைச்சக்தி ஏழ்மையானது, எடை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்தக் காரைத்தான். 2005 இல் அவர் ஃபோர்முலா வன்னில் நின்றார். கரிவர்தன் 1995 இல் விமான விபத்தில் மறைந்தார். நடிகரின் படம் ஒட்டப்படும் கண்ணாடியில் ஒரு மூலையை அவருக்கும் கொடுக்கலாம்.

இத்தனை பேச்சும் எதற்கு? மலைக்காக. சமதரையில் கொழும்பு நண்பர்கள் இதை ஒரு பொழுதுபோக்காகப் பேசலாம். எங்களுக்கு வீதி இறங்குகிறது, வளைகிறது, ஆண்டில் பல மாதம் நனைந்தும் கிடக்கிறது. மேற்சொன்ன 900 கிலோ கார், பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் சரிவில் நின்றாலே சுமார் 19 கிலோ பின்னிருந்து முன்னுக்குப் போய்விடும் (எடையின் மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு). அங்கே அழுத்தி பிரேக் பிடித்தால் மேலும் 130 கிலோ முன்னுக்குச் சாயும். நின்றபோது பின்னால் இருந்த 342 கிலோவில் மிஞ்சுவது 190 சொச்சம். ஒரு பின்சக்கரத்துக்கு நூறு கிலோகூட இல்லை. பின் ஆசனத்தையும் கழற்றியிருந்தால் அதுவும் இல்லை. ஈரத் தாரில் அந்தச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் காரின் வால் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஓட்டுநர் அல்லர். வெட்டிய ஸ்பிரிங் வேறு. குழியில் விழுந்து அடிமுட்டும் கணத்தில் சக்கரம் தரையையே விட்டுவிடும். மறுநாள் பத்திரிகையில் ஒரு பத்தி வரும்: "அதிக வேகம் காரணமாகக் கட்டுப்பாட்டை இழந்த கார்..." இந்த வாக்கியத்தை அச்சுக்கோத்த காலத்திலிருந்து கணினிக் காலம் வரை பார்த்துவிட்டேன். ஒரு கேள்வியும் கேட்காமல் விபத்துச் செய்தியை முடித்துவைக்கும் வாக்கியம் அது. வேகம் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. அதே வேகத்தில், அதே வளைவில், முன்னால் போன கார் ஏன் திரும்பியது என்று கேட்கிறேன்.

இனி அரசாங்கத்திடம் வருகிறேன்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தோடு சேர்த்து, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்ட மேலதிக அணிகலன்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கினார்கள். சங்கங்கள் எதிர்த்தன. கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் காதைக் கிழிக்கும் ஹோர்ன்களும் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆனால் 'மாற்றம்' என்ற சொல்லையே குற்றமாகக் கருதும் மனநிலைதான் என்னை உறுத்துகிறது. தனியார் கார் ஒன்றிடம் ஆண்டுதோறும் நாம் கேட்பவை என்ன? காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம். புகையை அளக்கிறோம், பிரேக் பிடிக்கிறதா, எடை எங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. மாற்றியமைத்தவர் பொலிஸைக் கண்டால் சந்துக்குள் திரும்புகிறார். கராஜ் பாஸ் தன் வேலையை வெளியில் சொல்ல அஞ்சுகிறார். ஒழுங்காகப் பற்றரியை மாற்றியவரும் நைலோன் கயிற்றுக்காரரும் சட்டத்தின் முன் ஒருவரேயாகிவிடுகிறார்கள். ஜேர்மனியில் வாழும் வாசகர்கள் அறிவார்கள்: அங்கே காரின் ஸ்பிரிங்கை மாற்றினால் தூஃப் போன்ற பரிசோதனை நிறுவனத்திடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும், தேறினால் ஆவணத்தில் பதிவாகும், தேறாவிட்டால் வீதிக்கு வராது. அங்கே இளைஞர்கள் காரை மாற்றாமல் விட்டார்களா என்ன?

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்தாண்டுகள் பழைய வாகனங்களோடு வாழ்ந்த தலைமுறை இது. வெட்டி ஒட்டி உயிர்ப்பித்து ஓட்டும் கைத்திறன் எங்கள் கராஜ்களில் வளர்ந்தது அந்த நெருக்கடியில்தான். அந்தக் கைகளுக்கு ஒரு தராசைக் கொடுக்காமல் விலங்கைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

"இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் கூத்து, பந்தயமே வேண்டாம்" என்பவர்கள் உண்டு. 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் மாண்டதை அவர்கள் நினைவூட்டுவார்கள். இறந்தவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். அந்தச் சாவுகளை எடைக் கணக்கில் எழுதிக் கடந்துபோக நான் தயாரில்லை. காருக்கும் மனிதருக்கும் இடையே போதிய இடைவெளியும் தடுப்பும் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பந்தயத்தை ஒழித்தால் வேகம் ஒழியும் என்பது கனவு. நுவரெலியா மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. மூன்று தலைமுறை ஆசை அது. திடலில் இடங்கொடாவிட்டால் வத்தேகம வீதியில் இரவு பதினொரு மணிக்கு அது ஓடும். அங்கே கொடி காட்டுபவரும் இல்லை, அம்புலன்ஸும் இல்லை.

ஆகவே நான் கேட்பது சிறிய காரியம். மாற்றியமைத்த காரைப் பதிவுசெய்ய ஒரு வழியைத் திறந்து, அந்தப் பத்திரத்தில் முன் அச்சின் எடை, பின் அச்சின் எடை என்று இரண்டு கட்டங்களைப் போடுங்கள். பந்தயம் நடத்துவோரும் மொத்த எடையோடு நின்றுவிடாமல் அந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். ஐம்பதுக்கு ஐம்பது வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. முன்சக்கரங்களால் இழுபடும் கார் மலையேற முன்னால் பாரம் வேண்டும், அதை அறுபதுக்குக் கீழே இறக்குவதும் எப்போதும் புத்தியல்ல. எண் தெரிந்தால் மனிதன் யோசிப்பான். தெரியாதவரை பாஸ் வானத்தைத்தான் பார்ப்பார்.

பொறுத்திருக்கத் தேவையுமில்லை. லொறிகளை நிறுக்கும் தராசு மேடை உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, முழுக் காரையும் ஏற்றி ஒருமுறை. கழித்தால் பின்புறம் வந்துவிடும். பத்து இருபது கிலோ முன்பின்னாக இருக்கும், முதல் தடவைக்கு அது போதும். நுணுக்கமாக வேண்டுமென்றால் மிளகு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு 300 கிலோ தாங்குமானால், ஒவ்வொரு சக்கரமாக நிறுக்கலாம். மற்ற மூன்று சக்கரங்களின் கீழும் தராசின் உயரத்துக்குப் பலகை வைக்க மறவாதீர்கள், கார் சாய்ந்திருந்தால் எண் பொய் சொல்லும். ஓட்டும் ஆள் தன் ஆசனத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்; அவரும் பாரந்தான். டிக்கியில் கிடக்கும் தேங்காய்களை இறக்கிவிட்டு, டாங்கியில் எத்தனை லீற்றர் பெற்றோல் இருந்தது என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.